விட்டுப் போனவரின் சம்பளம்

2020 ஒக்டோபர் முதல் வாரத்தில் யாழ்ப்பாணத் தீவகத்துப் புங்குடுதீவுக்குள் போகும் வழியும் அங்கிருந்து வெளியே வரும் வழியும் அடைக்கப்பட்டன. மினுவாங்கொடையில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒரு பெண்ணுக்குக் கொரோனாத் தொற்று உறுதியாகியிருந்தது. தொழிற்சாலையிலோ சில நாள்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று என்று கணக்கு ஏறிவிட்டது. இறுப்பிட்டி, ஊரதீவு, மடத்துவெளி, வல்லன், குறிகட்டுவான் என்று தீவின் குறிச்சிகள் ஒன்று விடாமல் முடங்கின. மார்ச் மாதத்து நாடளாவிய ஊரடங்கை ஒருமுறை பார்த்துவிட்ட சனம், இந்தத் தடவை தங்கள் தீவு மட்டும் தனியே பூட்டப்பட்டதைப் பார்த்தது.

அந்த நாள்களின் செய்திகளில் நோயாளிகளின் தொகை வந்தது, யார் எந்தப் பேருந்தில் வந்தார்கள் என்பது வந்தது, எந்தப் பாடசாலை மூடப்பட்டது என்பதும் வந்தது. அந்தத் தொழிலாளருக்கு அந்த மாதச் சம்பளம் கிடைத்ததா என்று கேட்டவர்கள் குறைவு. தொழிற்சாலை தானே கதவை மூடினால் சம்பளத்துக்கு ஏதோ ஒரு வழி உண்டு. ஆனால் நோய்க்குப் பயந்து, அல்லது ஊரில் இருக்கும் தாய் தகப்பனை நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்ட ஒருத்திக்கு? அவள் “வேலையை விட்டவள்” என்ற கணக்கில் சேர்ந்துவிட்டால் நிவாரணப் பட்டியலில் அவளுக்கு இடமில்லை. இலங்கையில் மட்டும் அப்படி இருக்கவில்லை. புங்குடுதீவார் குடியேறி வாழும் பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, கனடா என்று எந்த நாட்டை எடுத்தாலும் 2020இன் சம்பள உதவித் திட்டங்களில் இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. வேலை உன்னை விட்டதா, நீ வேலையை விட்டாயா என்ற கேள்வியைத் தாண்டாமல் காசு கைக்கு வராது.

இந்தக் கோட்டின் வயது கொஞ்சநஞ்சமல்ல. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன், இன்னொரு கொள்ளைநோயின் நடுவில் அது சட்டமாக எழுதப்பட்டது.

1348இல் கறுப்புச் சாவு என்ற பிளேக் இங்கிலாந்துக்குள் புகுந்தது. வயலில் வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை. உயிர் தப்பிய கூலிகள் கூடுதல் கூலி கேட்டார்கள், கிடைக்காத இடத்தை விட்டுக் கிடைக்கும் இடத்துக்கு நடந்தார்கள். மூன்றாம் எட்வர்ட் மன்னனின் அரசு 1349இல் ஒரு கட்டளை பிறப்பித்தது. நோய்க்கு முன்பிருந்த கூலியையே வாங்க வேண்டும். ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் தக்க காரணமோ அனுமதியோ இல்லாமல் வேலையை விட்டுப் போகிறவனுக்குச் சிறை. 1351இல் நாடாளுமன்றம் அதை இன்னும் இறுக்கியது. வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கிய இந்த எண்ணம் பிறகு வந்த எசமான் – வேலையாள் சட்டங்களுக்குள் ஊறி, கப்பலேறி, பிரித்தானியரின் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் போனது.

இலங்கைக்கு அது 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. பின் 1865இன் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டமாக நிலைத்தது. தோட்டத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர், கைவினைக் கூலிகள் எல்லாரும் அதன் பிடிக்குள். முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் வரவேண்டிய கூலியை இழப்பதோடு மறியலுக்கும் போக வேண்டியதுதான். அதேவேளை, தோட்டத் துரை கூலியை மாதக்கணக்கில் இழுத்தடித்தால், தொழிலாளி வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதே நடைமுறை. இங்கிலாந்து தன் சொந்தத் தொழிலாளருக்கு இந்தத் தண்டனையை 1875இலேயே நீக்கிவிட்டது. இலங்கைத் தோட்டத் தொழிலாளி அதற்கு 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தில் தோட்டங்களில் “துண்டு” ஆட்சி செய்தது. தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டிருக்கிறான், அதைத் தீர்ப்பவர் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சிறு காகிதம் அது. அது கையில் இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. வாந்திபேதியும் அம்மையும் லயங்களுக்குள் வந்த காலங்களில் ஓடிப்போனவர்கள் இருந்தார்கள். ஓடியவனுக்குப் பின்னால் கூலிப் பாக்கி நின்றுவிடும், முன்னால் பிடியாணை நிற்கும். 1921இன் சட்டம்தான் துண்டையும் அதோடு கட்டியிருந்த கடனையும் ஒழித்தது.

கடலுக்கு அப்பால் பம்பாயில் நடந்த கதை இதற்கு நேர் எதிரானது. தொழிலாளர் வரலாற்றில் அதற்கு இன்னும் பெரிய இடம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்விப் பகுதியில் பிளேக் இனங்காணப்பட்டது. சில மாதங்களுக்குள் நகரத்தில் பாதிக்கு நெருக்கமானவர்கள் ஊர்களுக்கு ஓடினார்கள். பஞ்சாலைகளில் பெருந்தொகையாக வேலை செய்தவர்கள் ரத்தினகிரி போன்ற கொங்கணக் கரையோரக் கிராமத்தார். ஆலைகளில் அதுவரை ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் வெகு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் பிடித்துவைத்த பணம் போச்சு. தொழிலாளியைக் கட்டிப்போட ஆலை முதலாளிகள் நம்பியிருந்த கயிறு அதுதான். சாவு வாசலுக்கு வந்தபோது அந்தக் கயிறு அறுந்தது. பாக்கிச் சம்பளம் போனால் போகட்டும் என்று ஆயிரக்கணக்கானோர் ரயிலேறினார்கள், படகேறினார்கள். மிஞ்சி நின்றவர்கள் அன்றைய கூலியை அன்றைக்கே கேட்டார்கள். தெருமுனைகளில் ஆலைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஆள் பிடித்ததை அன்றைய பதிவுகள் ஏலத்துக்கு ஒப்பிடுகின்றன. நோய் தணிந்ததும் பழைய மாதக் கணக்குக்குத் திரும்ப முதலாளிகள் முயன்றார்கள். 1897இல் அதை எதிர்த்து வேலைநிறுத்தங்கள் வந்தன.

பம்பாய்த் தொழிலாளிக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? போவதற்கு ஓர் ஊர் இருந்தது, அங்கே ஒரு துண்டு நிலமும் ஒரு பிடி சோறும் இருந்தன. ஆள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் விட்டுப் போவது என்பது வெறும் இழப்பாகவே முடியும். தீவகத்தின் கதையை இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

புங்குடுதீவில் நல்ல தண்ணீர் அரிது. மழையை நம்பிய நெல் ஆண்டுக்கு ஒரு போகம். பனை உண்டு, கடல் உண்டு, கொஞ்சம் ஆடு மாடு உண்டு. ஒரு குடும்பத்தில் நாலு ஆண்பிள்ளைகள் இருந்தால் மூன்று பேராவது வெளியே போயாக வேண்டும். இறுப்பிட்டியிலிருந்தும் அயல் குறிச்சிகளிலிருந்தும் இளைஞர்கள் கொழும்புக்குப் போனார்கள். காலிக்கும் மாத்தறைக்கும், சிங்களக் கிராமங்களின் சந்திகளுக்கும் போய்க் கடை வைத்தார்கள். பலசரக்குக் கடை, சுருட்டுக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை. முதலில் போனவர் முதலாளி. பின்னால் போன மருமகனும் பெறாமகனும் பக்கத்து வீட்டுப் பொடியனும் சிப்பந்திகள். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. பகலில் வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் இரவில் பாய் விரியும்.

சம்பளம் என்று ஒன்று உண்டு. பல கடைகளில் அது கையில் வராது, கணக்கில் ஏறும். ஊருக்கு அனுப்பிய காசு, எடுத்த வேட்டி, பார்த்த படம், வாங்கிய மருந்து எல்லாம் பற்று என்று எழுதப்படும். வருஷக் கணக்கு முடிக்கும்போதோ, தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊர் போகும்போதோ முதலாளி பேரேட்டைத் திறப்பார். நல்ல முதலாளியாக இருந்தால் கணக்குக்கு மேலும் கொடுப்பார். சிப்பந்தி தனியாகக் கடை போடக் கைமுதலும் சரக்கும் தருவார். தீவகத்தின் பெரிய வணிகக் குடும்பங்கள் பல இப்படித்தான் கிளைவிட்டன. ஆனால் கோபித்துக்கொண்டு நடுவில் போன பொடியனின் கணக்கு என்னவாகும் என்பது முழுக்க முழுக்க முதலாளியின் மனசு. சொந்தக்கார மாமாவிடம் வழக்குப் பேச ஊரில் எவர் துணிவார்? உறவு கொடுத்த பாதுகாப்பு பெரியதுதான். அந்த உறவே வாயையும் கட்டிப்போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் கடைகளின் வரலாறு அரைகுறையாகிவிடும்.

அந்தக் கடைத்தெருவுக்குள்ளேயே கொள்ளைநோய் வந்தது. 1914இல் கொழும்பில் பிளேக் பரவியது. புறக்கோட்டையும் செட்டியார் தெருவும், அரிசி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளும் அதன் மையம். மூட்டைகளுக்கு நடுவே எலி, எலிக்குப் பக்கத்தில் படுத்திருந்த சிப்பந்தி. நோயாளியோடு பழகியவர்களைப் பிரித்து வைக்கும் முகாம்களை அரசு நடத்தியது, கட்டடங்களைச் சோதித்தது, அரிசிக் களஞ்சியங்களை வேறிடத்தில் கட்டியது. முகாமில் இருந்த நாள்களுக்குக் கூலி கொடு என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தும் சட்டம் அன்று இல்லை. வடக்கிலும் அப்படித்தான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை பிரித்தானியர் காலத்தில் தொற்றுநோய் மருத்துவமனையாகப் பயன்பட்டது. உடலைத் தனிமைப்படுத்த இடம் கண்டுபிடித்த அரசு, அந்த உடலை நம்பியிருந்த அடுப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

1918இன் இன்ஃபுளுவென்சா இன்னும் கொடூரம். இலங்கையில் அது ஏற்படுத்திய மக்கள்தொகை இழப்பு மூன்று இலட்சம் அளவில் இருக்கும் என்று குடிசன மதிப்பீடுகளை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தக் காய்ச்சலில் ஊர் திரும்பியவனுக்கோ, கடையிலேயே விழுந்தவனுக்கோ கிடைத்தது முதலாளி கொடுத்ததுதான், ஊர் கொடுத்ததுதான்.

சட்டம் மெல்ல மெல்லத்தான் கடைக்குள் நுழைந்தது. 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில் வாரியாகக் குறைந்தபட்சக் கூலியை வகுக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தாருக்கு நெருக்கமான சுருட்டுத் தொழிலுக்கும் பின்னர் ஒரு சபை வந்தது. சுருட்டுக் கொட்டிலில் ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி கொடுப்பார்கள். முற்பணம் வாங்கியவன் அதைச் சுற்றித் தீர்க்கும் வரை கொட்டிலை விட முடியாது. அப்படிப்பட்ட தொழிலுக்குள் அரசின் கூலி அளவு நுழைந்தது சின்ன விசயமல்ல. 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்தது. சம்பளக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது என்றது. வருஷத்துக்கு ஒருதரம் பேரேட்டைத் திறக்கும் வழக்கம் அன்றோடு சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது. நடைமுறையில் அது சாக இன்னும் வெகுகாலம் எடுத்தது.

1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. இன்றைய பங்கு தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, முதலாளியிடமிருந்து இன்னொரு 3 வீதம். 1983இன் 12ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையை உரிமையாக்கியது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைந்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிறுத்தப்பட்டவருக்கும் பணிக்கொடை உண்டு, தானாக விலகியவருக்கும் உண்டு. 1349இலிருந்து வந்த பழைய கோட்டை இந்தச் சட்டம் துணிந்து அழித்தது. விட்டுப் போனாலும் நீ உழைத்த ஆண்டுகள் உன்னுடையவை என்று ஏற்றுக்கொண்டது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற சட்டங்களில் இதை முன்வரிசையில் வைக்க வேண்டும்.

அதே 1983 யூலையில் கொழும்பிலும் தெற்கிலும் தமிழர் கடைகள் எரிந்தன. 1958இலும் 1977இலும் கலவரங்களில் ஓடியவர்கள் மீண்டும் ஓடினார்கள், கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். கடையோடு பேரேடும் எரிந்தது. முதலாளியும் சிப்பந்தியும் ஒரே நாளில் வெறுங்கையரானார்கள். யாரிடம் யார் பணிக்கொடை கேட்பது? புங்குடுதீவார் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பெருந்தொகையாகப் புறப்பட்டது இந்தக் காலத்தில்தான். 1990களின் தொடக்கத்தில் போரில் தீவகம் கடற்படையின் கைக்குப் போனபோது ஊரில் மிஞ்சியிருந்தவர்களும் இடம்பெயர, தீவில் பூட்டிய வீடுகள்தான் மிகுந்தன. போர் முடிந்த பின் வளர்ந்த தலைமுறைக்குக் கொழும்பில் மாமாவின் கடை இல்லை. ஆடைத் தொழிற்சாலைகள் இருந்தன. வடக்கின் பெண்கள் பேருந்தேறி மேல் மாகாணத்துக்குப் போய், விடுதி அறையைப் பங்குபோட்டுத் தங்கி உழைக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் அங்கே இருந்தபோதுதான் 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுதும் ஊரடங்கு விழுந்தது. நாடாளுமன்றம் அந்த மாதம் 2ஆம் திகதியே கலைக்கப்பட்டிருந்தது; புதியது கூடியது ஆகஸ்ட் 20ஆம் திகதி. சட்டம் இயற்ற வேண்டிய சபையே இல்லாத அந்த மாதங்களில், மே மாதம், தொழில் அமைச்சில் அரசும் முதலாளிமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி, அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அது. சேமலாப நிதிப் பங்கும் கட்டப்பட வேண்டும். முதலில் மே, யூன் மாதங்களுக்கு என்று வந்த ஏற்பாடு பின்னர் தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டது. இலங்கையில் ஃபர்லோ என்ற பிரித்தானியச் சம்பள உதவி போன்ற ஒரு கொடுப்பனவு இருந்ததென்றால் அது இதுதான். ஒரு வேறுபாடு: பிரித்தானியாவில் அந்தக் காசை அரசு கொடுத்தது, இங்கே முதலாளியே கொடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே முதலாளிக்குச் செலவு குறைய ஒரே வழி, பட்டியலில் ஆள் குறைவது. 1971இன் வேலைமுடிவுறுத்தல் சட்டம் அதற்குக் குறுக்கே நின்றது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் அந்தச் சட்டம் வேலைமுடிவுறுத்தலாகவே பார்க்கிறது. பலமான சட்டம். அதில் முதலாளிக்கு எளிதான வாசல் தொழிலாளியின் கையெழுத்து. சம்மதக் கடிதங்களிலும் விலகல் கடிதங்களிலும் ஒப்பமிடும்படி நெருக்குதல் வருகிறதென்று தொழிற்சங்கங்கள் அந்த மாதங்களில் முறையிட்டதன் பின்னணி அதுதான். ஊரிலிருந்து திரும்பி வராத பெண்ணின் பெயர் வராமலே விலகியவர் பட்டியலில் ஏறக்கூடும். மனிதவலு நிறுவனங்கள் ஊடாக நாள் சம்பளத்துக்குப் போனவர்களை அந்த உடன்பாடு எட்டவே இல்லை.

அரசு ஏப்ரலிலும் மேயிலும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுத்த 5,000 ரூபாவிலும் ஒரு சிக்கல். பட்டியல் கிராம அலுவலரிடம் இருந்தது. கட்டுநாயக்கத் தொழிற்சாலைப் பகுதியின் விடுதி அறையில் இருந்தவளின் பதிவு ஊரில். அறையில் இருந்தால் இங்கே பெயரில்லை, ஊருக்குப் போனால் அங்கே வேலையில்லை.

புலம்பெயர்ந்தவர்களின் நாடுகளில் காசு கூட இருந்தது, கேள்வி அதேதான். பிரித்தானிய நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் 2020 மார்ச் 20ஆம் திகதி அறிவித்த திட்டம் சம்பளத்தின் 80 வீதத்தை, மாதம் 2,500 பவுண் வரை, கொடுத்தது. முடிவதற்குள் ஒரு கோடியே 17 இலட்சம் வேலைகள் அதன் கீழ் வந்தன. பெயர் முதலாளியின் சம்பளப் பட்டியலில் பெப்ரவரி 28ஆம் திகதி இருந்திருக்க வேண்டும் என்பதே முதல் விதி. நல்ல வேலை ஒன்று கிடைத்ததென்று மார்ச் தொடக்கத்தில் பழைய வேலையை விட்டவர்கள் நடுவில் விழுந்தார்கள். புதிய இடத்தின் பட்டியலில் பெயர் ஏறவில்லை, பழைய இடத்திலிருந்து வெளியேறியாயிற்று. கூச்சல் எழுந்த பின் ஏப்ரல் 15ஆம் திகதி கெடுநாள் மார்ச் 19 என்று மாறியது. பெப்ரவரி 28க்குப் பின் விலகியவர்களைப் பழைய முதலாளி விரும்பினால் மீண்டும் சேர்த்து இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்ற வழியும் இருந்தது. விரும்பினால் மட்டுமே. ஆக, வேலையை விட்டவர் பழைய கடை வாசலில் போய் நின்று, முதலாளியின் மனசை நம்பிக் கேட்க வேண்டியதாயிற்று. கொழும்புப் பேரேட்டை அறிந்த குடும்பங்களுக்கு அந்த நிற்றல் புதிதல்ல. சம்பளப் பட்டியலிலேயே ஏற்றாமல் கைக்காசாகக் கொடுக்கப்பட்டவர்களுக்கோ கேட்க ஒன்றுமே இல்லை.

பிரான்சில் உணவகங்கள் மார்ச் 14ஆம் திகதி நள்ளிரவோடு மூடின. பாரிசின் சமையலறைகளில் நிற்கும் தமிழருக்கு அது நேரே வயிற்றில் அடி. பகுதி வேலையின்மைக் கொடுப்பனவு மொத்தச் சம்பளத்தின் 70 வீதத்தை, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாமல், கொடுத்தது. பிரான்ஸ் இன்னொரு அடியும் வைத்தது. புது வேலை உறுதியாகிவிட்டதென்று மார்ச் 17க்கு முன் விலகி, அந்த வேலை கொரோனாவால் கைநழுவிப் போனவர்களுக்கு வேலையின்மைக் காப்புறுதி உண்டு என்று ஏப்ரல் 14ஆம் திகதி ஆணை வந்தது. விட்டுப் போனவருக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று அந்த ஆண்டில் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சில அரசுகளில் அது ஒன்று. சுவிற்சர்லாந்து அந்தப் பக்கமே போகவில்லை. குறுநேர வேலைக் கொடுப்பனவு 80 வீதம். 2020 டிசம்பர் முதல் 3,470 பிராங் வரையான சம்பளக்காரருக்கு முழுவதும். ஆனால் வேலை ஒப்பந்தம் முறிக்கப்பட்டுவிட்டால், முறித்தவர் யாராக இருந்தாலும், அந்தக் கொடுப்பனவு நின்றுவிடும். அடுத்த வேலை உறுதியில்லாமல் தானாக விலகியவருக்கு வேலையின்மைக் காப்புறுதியிலும் 31 முதல் 60 நாள் வரை தண்டனைக் காத்திருப்பு.

கனடா நாலு கிழமைக்கு 2,000 டொலர் கொடுத்தது. விண்ணப்பம் எளிது, காசு சில நாள்களில் வங்கிக்கு வந்தது. முந்திய ஆண்டிலோ கடைசிப் பன்னிரண்டு மாதத்திலோ 5,000 டொலர் உழைத்திருக்க வேண்டும். தன் விருப்பத்தில் வேலையை விட்டவருக்குக் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். வீட்டில் முதிய தாய் இருக்கிறார், நெருக்கமான தொழிற்சாலையில் தொற்றுப் பரவுகிறது, அதனால் போகவில்லை என்றால் அது விருப்பமா, நிர்ப்பந்தமா? மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது ஏட்டுக் கேள்வியல்ல. 2020 முடிவதற்குள் வருமானத் தகுதியை உறுதிப்படுத்தக் கேட்டு ஏறத்தாழ 441,000 பேருக்கு வரி முகவரகம் கடிதம் அனுப்பியது. அதன் பின் பல ஆண்டுகள் தகுதி விசாரணைகளும் திருப்பிக் கட்டும் கோரிக்கைகளும் நீண்டன.

இவ்வளவையும் பார்த்த பிறகு இலங்கைக்குத் திரும்பினால், 2020இன் உடன்பாடு நாடாளுமன்றச் சட்டமாகவே ஆகவில்லை. தவணை முடிந்ததும் அதுவும் முடிந்தது. அதன் இடத்தில் வேலையின்மைக் காப்புறுதி எதுவும் வரவில்லை. நோய்க்காலத்தில் வேலையை விட்டு இறுப்பிட்டிக்குத் திரும்பும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அவளுடையதென்று சொல்ல இருப்பவை சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும்தான். ஐந்து ஆண்டு நிறையாதிருந்தால் பணிக்கொடையும் இல்லை. சேமலாப நிதியை அவள் முழுதாக எடுக்கும் நேரங்களைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. 50 வயதானால் எடுக்கலாம். நிரந்தரமாக உழைக்க முடியாத நிலை என்று மருத்துவர் சான்று தந்தால் எடுக்கலாம். ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போனால் எடுக்கலாம். நாட்டைவிட்டு ஒரேயடியாகப் போனால் எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விட்டால் எடுக்கலாம். கொள்ளைநோய்க்காக விட்டவள் அந்தப் பட்டியலில் இன்னும் இல்லை.